அட்டவணையில் இன்னொரு ரயில்

ஒற்றைத் தண்டவாளத்தில் கூடுதலாக ஒரு ரயிலை விட்டால், எங்கோ ஒரு ஸ்டேஷனில் இன்னொரு ரயில் நிற்க வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாலபாடம். மற்றவர்களுக்கு, அதாவது பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ‘ஏன் இன்னும் எடுக்கல?’ என்று சன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்களுக்கு, இது வெறும் எரிச்சல். அந்த எரிச்சலுக்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது என்று எனக்குக் காட்டியது நிஜ ரயில் அல்ல, பொம்மை ரயில்.

பொம்மை என்று சொன்னால் எங்கள் கூட்டத்தில் கோபித்துக்கொள்வார்கள். மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும். ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நாங்கள் ஏழு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். ஈப்போவிலிருந்து தைப்பிங் வரையிலான பாதை அங்கே சுவரோரமாகப் பலகைமேல் ஓடுகிறது. அளவு 1:87. நம் நாட்டு மீட்டர் கேஜ் அந்த அளவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளமாகச் சுருங்குகிறது. நிஜமான ஒரு கிலோமீட்டருக்குப் பதினொன்றரை மீட்டர் பலகை வேண்டும். அப்படியே போடுவதென்றால் கடைவரிசை முழுவதையும் விலைக்கு வாங்கினாலும் போதாது. ஆகவே செம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் எல்லாம் இருக்கின்றன. இடையில் கிடந்த ரப்பர்க் காடுகள்தாம் ஒரு முழம், இரண்டு முழம் என்று சுருங்கிவிட்டன. தோட்டங்கள் சுருங்குவது பேராக்கில் புதிய செய்தியும் அல்ல.

ரயிலைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பது ஒருவகை. நாங்கள் செய்வது வேறு. ஒருவர் கண்ட்ரோலர், ஸ்டேஷன்களை மூன்று பேர் பார்த்துக்கொள்கிறார்கள், மிச்சப் பேர் ஓட்டுநர்கள். சுவரில் ஒரு கடிகாரம் நான்கு மடங்கு வேகத்தில் ஓடும். மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு மணி நேர அட்டவணையை ஓட்டி முடிக்க வேண்டும். இதை உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் எலிசன் என்பவர் 1940களிலேயே இதை ஒரு நாடகமாகப் பார்த்தார். பாதை மேடை, ரயில்கள் நடிகர்கள், அட்டவணைதான் கதை என்பது அவர் கண்ட உவமை. நாங்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஓட்ட நாள்’. ஒரு மாதம் 1938ஆம் ஆண்டின் ஒரு நாள். நீராவி எஞ்சின்கள், ஈயம், ரப்பர். அடுத்த மாதம் 1958; முந்தைய ஆண்டு வந்திறங்கத் தொடங்கிய டீசல் எஞ்சின்கள் புதுச் சாயத்தோடு நிற்கும் காலம்.

1

புதிதாகச் சேர்கிறவர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. தான் வாங்கிய ரயிலை, அல்லது கூட்டிலிருந்து மாதக்கணக்கில் ஒட்டிச் சாயம் பூசிய ரயிலைக் கொண்டுவருவார். அது ஓட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அந்த ஆசையை மறுப்பது பிள்ளை வரைந்த படத்தைப் பார்க்க மறுப்பது மாதிரி. ஆனாலும் வீட்டுக்காரர் ஒரு விதி வைத்திருக்கிறார். “புது ரயில் கொண்டு வர்றவரு, அது எங்க நிக்கும்னு மொதல்ல சொல்லணும். எங்க ஓடும்னு அப்புறம் பேசிக்கலாம்.”

முதலில் கேட்டபோது இது இடப்பற்றாக்குறை பற்றிய பேச்சு என்றுதான் நினைக்கத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் ஒற்றைப் பாதையின் முழு அறமும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் சந்திக்க ஸ்டேஷனில் ஒரு பக்கப் பாதை வேண்டும். அதை ‘லூப்’ என்போம். எங்கள் லூப்களில் பன்னிரண்டு பெட்டி நிற்கும். பதின்மூன்றாவது பெட்டியைச் சேர்த்தால் வால் வெளியே நிற்கும், யாரும் கடக்க முடியாது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான். அடுத்த ஸ்டேஷன்காரர் ‘லைன் கிளியர்’ கொடுத்து, ஓட்டுநர் கைக்கு டோக்கன் வந்த பிறகுதான் சக்கரம் உருளலாம். ஆகவே புதிய ரயில் ஒன்று ஓடும் ஒவ்வொரு நிமிடமும் வேறு எவரோ விட்டுக்கொடுத்த நிமிடம். அதைக் கடன் என்றே சொல்லலாம்.

கடன் என்றால் யாரிடம் வாங்குவது? எல்லா ரயிலும் சமம் என்று எந்த ரயில்வேயும் நடத்தியதில்லை. மெயில் வந்தால் கூட்ஸ் ஒதுங்கும். அதிகாரி பயணம் செய்யும் வண்டிக்கு வழி முதலில் கிடைக்கும். கூட்ஸ் வண்டியை எடுத்தவருக்கு எங்கள் ஓட்ட நாளில் பாதி நேரம் லூப்பில் நின்று அடுத்தவர் கடப்பதைப் பார்ப்பதுதான் வேலை. புதிதாகச் சேர்கிறவருக்கு வழக்கமாகக் கூட்ஸ்தான் கொடுப்போம். இதில் ஒரு சிறிய அநியாயம் இருக்கிறது, அதை எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறோம். ஏனென்றால் அடுத்த மாதம் முறை மாறும். இன்று காத்திருந்தவர் நாளை மெயில் ஓட்டுவார். விளையாட்டில் காத்திருப்பு நியாயமாவது இந்த ஒன்றினால்தான்: அது சுழல்கிறது.

நிஜத்தில் சுழலவில்லை. மலாயாவின் முதல் ரயில்பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி திறந்தது, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, எட்டு மைல். இலங்கையிலிருந்து வந்த பயனியர் படை அதைப் போட்டது. அதன் பிறகு ஈயத்துக்காகவும் ரப்பருக்காகவும் நீண்ட பாதைகளில் தண்டவாளக் கூலிகளாகவும் கேங்குகளாகவும் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஈப்போ ஸ்டேஷனை ஹப்பாக் கட்டி முடித்தது 1917இல். வெள்ளைக் குவிமாடங்களோடு இன்றும் ஊருக்கு அழகாக நிற்கிறது. அந்த அழகின் முன்வாசலில் இறங்கியவர்கள் யார், தண்டவாளத்தைத் தோளில் சுமந்தவர்கள் யார் என்பது மாதா மாதம் முறை மாறவில்லை. யாருடைய காத்திருப்பு சுழலாமல் ஒரே ஆள்மேல் தங்கிவிடுகிறதோ அங்கே அட்டவணை அநீதியாகிவிடுகிறது. நாங்கள் விளையாடுவது அநீதி நீக்கப்பட்ட ஒரு காலனியம் என்று இதைச் சொல்லலாம். இனிமையான விளையாட்டு. ஆனால் நீக்கியிருக்கிறோம் என்று தெரிந்து விளையாட வேண்டும்.

2

தெரிந்தே விளையாட வேண்டிய நிலைமை எங்களுக்கு ஓர் இளைஞரால் வந்தது. கூட்டத்திலேயே சின்னவர், லாரி ஒயரிங் வேலை செய்கிறவர். ஒரு வருடம் கூட்ஸ் ஓட்டிய பிறகு தன்னுடைய ரயிலைப் பற்றிப் பேசினார். மூடிய சரக்குப் பெட்டிகள் பன்னிரண்டு. லூப்பில் சரியாக நிற்கும். போகும் திசை வடக்கு. ஆண்டு 1943.

எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது.

“என் பாட்டியோட அப்பா போன ரயிலு அங்கள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல இருந்து போனாரு. நம்ம பாதையில அவரு போன ரயிலு மட்டும் ஏன் இல்ல?” என்று கேட்டார். வீட்டுக்காரர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, “தம்பி, இது வெளையாடுற எடம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

சயாம் மரண ரயில் பற்றி இங்குள்ள வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சேர்ந்தன. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 75 ஆயிரம் பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சம்பளம் உண்டு, கொஞ்சகாலத்து வேலைதான் என்று சொல்லித் தொடங்கி, ஆள் வராதபோது பிடித்தே ஏற்றினார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். தண்டவாளங்கள்கூட இங்கிருந்து போயின. தம்பின்–மலாக்கா கிளைப்பாதையும் கிழக்குக் கரைப் பாதையின் நீண்ட பகுதியும் பிடுங்கப்பட்டு வடக்கே கொண்டுபோகப்பட்டன. ஆர். சண்முகம் இதை நாவலாக எழுதினார், அ. ரெங்கசாமி எழுதினார். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த தனித்தனிக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டத்து மனிதர்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

பேராக்கில் ரயிலால் செத்த ஒரு யானைக்கு நினைவுப் பலகை உண்டு. 1894 செப்டம்பர் 17 அன்று தெலுக் ஆன்சன் பாதையில் தன் கூட்டத்தைக் காக்க ரயிலை முட்டித் தடம்புரட்டிய யானை அது. யானைக்குப் பலகை வைத்தது தப்பே இல்லை. ஒரு மரணத்தை நினைவில் வைக்க இவ்வளவுதான் தேவைப்படுகிறது, ஒரு தேதியும் ஒரு பலகையும்.

3

எங்கள் கூட்டத்தில் எழுந்த மறுப்புகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மறுப்புகள்.

முதலாவது, ஆண்டு. எங்கள் பாதை 1938 அல்லது 1958. 1943க்கு அங்கே இடமில்லை. மாதிரி ரயில்காரர்களுக்கு ஆண்டு என்பது வேதம். 1938 ஓட்டத்தில் டீசல் எஞ்சின் வந்தால் அரை மணி நேரம் சண்டை போடுவோம். இந்த மறுப்பு தொழில்நுட்பம் போலத் தெரிகிறது. ஆனால் இரண்டு ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தது யார்? இருபது வருடத்தில் இரண்டு நாட்களை எடுத்து வைத்துக்கொண்டோம். இரண்டும் அழகானவை. நடுவில் இருந்ததைத் தாண்டி வந்தோம். யாரும் வேண்டுமென்று தாண்டவில்லை. அழகைத் தேடிப் போகும்போது அது தானாக நடந்துவிட்டது. வரலாற்றிலிருந்து விட்டுப்போகும் பல காரியங்கள் இப்படித்தான் விட்டுப்போகின்றன. எவரும் அழிப்பதில்லை, தேர்ந்தெடுப்பதில்லை அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் 1958 ஓட்டத்தில் விக்கம் கவச டிராலி ஒன்று ஓடுகிறது. அவசரகாலத்தில், காட்டிலிருந்து சுடுவார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்திருப்பார்கள் என்பதற்காகப் பாதைகளில் ஓடவிட்ட இரும்பு வண்டி. அவசரகாலம் 1948இல் அறிவிக்கப்பட்டதே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுடப்பட்ட பிறகுதான். அந்த டிராலி வந்தபோது எல்லோரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்துப் பாராட்டினோம். போர் எங்கள் பலகைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதே இதன் பொருள். அது அழகான வண்டியில் வந்ததால் வழிவிட்டோம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. செத்தவர்களை விளையாட்டுப் பொருளாக்கலாமா? பன்னிரண்டு பெட்டிகளை ஒருவர் கைக்கருவியால் முடுக்கி, அடுத்தவர் தேநீர் குடித்துக்கொண்டே சிக்னல் போட, ‘ரெண்டு நிமிஷம் லேட்’ என்று மூன்றாமவர் சிரித்தால்? அந்தச் சிரிப்பு வரத்தான் செய்யும். விளையாட்டு என்பது அப்படித்தான் மனிதர்களை மாற்றும். நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் அங்கே வெற்றி. டோக்கியோவில் யசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியகத்தில் சி56 வகை எஞ்சின் ஒன்று, 31ஆம் எண், பளபளப்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது; தாய்லாந்திலிருந்து 1979இல் திரும்பக் கொண்டுபோனது, மரண ரயில்பாதையில் ஓடியது. எஞ்சினுக்குப் பூசிய சாயம் அது போட்ட பாதையின் கதையை மூடிவிடும். நாமும் நல்ல சாயம் பூசத் தெரிந்தவர்கள்தாம். ஆகவே வீட்டுக்காரரின் ‘இது வெளையாடுற எடம்’ என்பதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

மூன்றாவது மறுப்பைச் சொன்னவர் ஒரு முன்னாள் ஆசிரியர். எங்கள் பாதையில் வடக்கே போகும் ரயில் எல்லாம் தைப்பிங்கைத் தாண்டியதும் சுவரில் உள்ள ஒரு துளைக்குள் நுழையும். அடுத்த அறையில் ஒரு தட்டு; அங்கே போய் நிற்கும். அதுதான் எங்களுக்குப் பிறை, பாடாங் பெசார், உலகத்தின் மிச்சம் எல்லாம். அந்தத் தட்டுக்குக் கீழே வீட்டுச் செருப்புகளை அடுக்கியிருக்கும். அடுத்த ஓட்ட நாளுக்கு முன் அதே ரயிலைத் திருப்பித் தெற்கே கொண்டுவருவோம். “எல்லா ரயிலும் திரும்பி வர்ற பாதை இது. அந்த ரயிலு இதுல எப்படிங்க ஓடும்?” என்று கேட்டார். எனக்கு இந்த மறுப்புதான் சுட்டது. பெட்டிகள் திரும்பி வந்தன. ஆட்கள் வரவில்லை. எங்கள் பாதைக்குத் திரும்பாமல் போவது என்றால் என்னவென்று தெரியாது. தெரியாத ஒன்றை அதன்மேல் ஏற்றினால் பாதை பொய் சொல்லும்.

4

மூன்று மறுப்புகளையும் ஒப்புக்கொண்டால் முடிவு எளிது: வேண்டாம். ஆனால் இந்த ரயிலைப் பற்றி நினைக்க நினைக்க எனக்குப் புத்தகங்களில் கிடைக்காத ஒன்று கிடைத்தது. அதை விட மனம் வரவில்லை.

நாவலும் வாய்மொழியும் நம்மைப் பெட்டிக்குள் உட்கார வைக்கின்றன. அதுதான் அவற்றின் வேலை. பாதிக்கப்பட்டவரின் மூச்சு நமக்குக் கேட்க வேண்டும். ஆனால் ஓட்ட நாளில் பெட்டிக்குள் யாரும் உட்காருவதில்லை. நாம் ஓட்டுநர், நாம் ஸ்டேஷன் மாஸ்டர், நாம் கண்ட்ரோலர். பன்னிரண்டு மூடிய பெட்டிகள் ஈப்போவிலிருந்து தைப்பிங் போக வேண்டுமென்றால் செம்மோர்க்காரர் லைன் கிளியர் கொடுக்க வேண்டும். சுங்கை சிப்புட்காரர் கூட்ஸை லூப்பில் ஒதுக்க வேண்டும். கோலகங்சாரில் எஞ்சினுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். விக்டோரியா பாலத்தில் எதிரே ஒன்றும் வரவில்லை என்று ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தால்தான் அது போகும். ஒருவராவது துப்பாக்கி பிடித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். மலாயா ரயில்வேயில் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் கணிசமானவர்கள். ஆட்சி மாறியபோது ரயில்வேயை ஓட்ட உள்ளூர்ப் பணியாளர்கள்தாம் தேவைப்பட்டார்கள். தோட்டத் தமிழர்கள் அடைக்கப்பட்ட ரயிலுக்கு ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஒரு தமிழரே லைன் கிளியர் கொடுத்திருப்பார் என்று நினைப்பதற்குப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மணி அடித்தது, பாதை காலியாக இருந்தது, கொடுத்தார். மறுத்திருந்தால் அவர் தலை போயிருக்கும், ரயில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருக்கும். பாதை காலியா என்பது மட்டுமே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. அதற்கு உண்மையான பதில் ‘ஆம்’.

தீமையைச் செய்ய தீயவர்கள் வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். ஆனால் தீமை நீண்ட தூரம் போவதற்கு நல்ல வேலைக்காரர்கள் வேண்டும். மேலதிகாரியின் கட்டளையைவிட, ‘நம்மால் ரயில் தாமதமாகக் கூடாது’ என்கிற தொழில் நேர்மையே அதற்கு அதிகம் உதவும். இது எனக்குத் தெரிந்த கருத்துதான், எவரும் சொல்லக் கேட்டிருக்கலாம். ஆனால் கையில் டோக்கனை வைத்துக்கொண்டு, கடிகாரம் ஓட, ‘கொடுக்கவா வேண்டாமா’ என்று நின்றால் அது வேறு மாதிரி தெரியும் என்று தோன்றுகிறது.

இப்படி ஒன்றை ஏற்கெனவே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் பிரெண்டா ரொமேரோ 2009இல் ‘டிரெயின்’ என்று ஒரு பலகை விளையாட்டு செய்தார். மஞ்சள் நிறக் காய்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து ஊர் சேர்க்க வேண்டும். சேர்ந்த பிறகுதான் அந்த ஊர் ஆஷ்விட்ஸ் என்று தெரியும். தெரிந்ததும் சிலர் விளையாட மறுத்தார்கள். சிலர் ஆட்டத்தைக் கெடுக்கவே தொடர்ந்து ஆடினார்கள். அந்த விளையாட்டின் பலம் மறைத்து வைத்ததில் இருக்கிறது. எங்களுக்கு அது உதவாது. எங்கள் ஏழு பேருக்கும் அந்த ரயில் எங்கே போகிறது என்று தெரியும். நம் வீடுகளில் பாதிக்கு அது தெரியும். கடைசியில் அதிர்ச்சி கொடுக்கிற வித்தை இங்கே தேவையில்லை. தெரிந்துகொண்டே வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி.

5

ஆகவே என் யோசனை இது. வருடத்தில் ஒரு மாதம் 1943ஐ ஓட்டலாம். சாதாரண ரயில்கள் எல்லாம் ஓடட்டும். அந்த ஒரு ரயிலுக்கும் அட்டவணையில் எண் இருக்க வேண்டும், நேரம் இருக்க வேண்டும். அதற்காக லைன் கிளியர் கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும். அதற்காக மற்ற ரயில்கள் லூப்பில் ஒதுங்க வேண்டும். ஆனால் தண்டவாளத்தில் எதுவும் வரக் கூடாது. சுங்கை சிப்புட்டில் கூட்ஸ் நிற்கும். எதிரே காலியான பாதை. இருபது நிமிடம், எங்கள் கடிகாரத்தில். நிஜத்தில் ஐந்து நிமிடம். பிறகு அடுத்த ஸ்டேஷனிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்று மணி வரும். ரிஜிஸ்தரில் நேரத்தை எழுதிவிட்டுக் கூட்ஸை எடுக்கலாம்.

செத்தவர்களைப் பொம்மையாக்கவில்லை, இரண்டாவது மறுப்புக்குப் பதில். திரும்பி வராத ரயிலைத் திருப்பிக் கொண்டுவரும் பொய்யும் இல்லை, மூன்றாவதற்குப் பதில். நாம் செய்யும் பங்கு மட்டும் அப்படியே இருக்கும். அதுதான் நமக்குக் கிடைக்க வேண்டியது.

ஐந்து நிமிடம் பெரிய நேரமல்ல என்று தோன்றும். விளையாட்டின் நடுவில் அது நீளம். மெயில் ஓட்டுபவர் கடிகாரத்தைப் பார்ப்பார். தன் ரயில் தாமதமாவதை நினைத்து எரிச்சல்படுவார். அந்த எரிச்சலை நான் குறைக்க விரும்பவில்லை. 1943இல் ஏதோ ஒரு லூப்பில் நின்ற ரயிலில் யாரோ ஒருவர் இதே மாதிரி எட்டிப் பார்த்திருப்பார். அவருக்கும் தாமதம்தான் தெரிந்திருக்கும், எது கடந்து போகிறது என்று தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நாம் கேட்கிறோம். முதலில் அவரிடத்தில் நிற்போம்.

இந்த யோசனையை நான் அந்த இளைஞரிடம் தனியாகச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. “அப்ப மறுபடியும் அவரு இல்லாத ஆளாவே போறாரு” என்றார். மறுக்க முடியாத வாதம். எழுபத்தைந்தாயிரம் பேர் கணக்கில் வராமல் போனதுதான் குற்றம் என்றால், வராத ரயிலை நினைவுச்சின்னம் என்று சொல்வது அந்தக் குற்றத்தையே கலையாக்குவது இல்லையா? வெறுமையை மரியாதை என்று சொல்வது வசதியானது. செலவும் இல்லை, பசையும் சாயமும் வேண்டாம்.

யோசித்துப் பார்த்து நான் அவரிடம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விட்டுவிடுவதும் காலியாக வைப்பதும் ஒன்றல்ல. விட்டுவிட்டால் மற்ற ரயில்கள் நேரத்துக்குப் போகும், யாருக்கும் எதுவும் தெரியாது. காலியாக வைத்தால் பாதை முழுவதும் அதற்காக நிற்கும். இத்தனை வருடமும் எங்கள் பாதையில் 1943 விட்டுப்போனது எங்களுக்கு ஒரு நிமிடமும் செலவாகவில்லை. இனிச் செலவாகும். வரலாறு முழுக்கத் தோட்டத்து ஆள் அடுத்தவருக்காக ஒதுங்கி நின்றான். இங்கே ஐந்து நிமிடம், மெயிலும் கூட்ஸும் கண்ட்ரோலரும் அவனுக்காக நிற்கட்டும். இது நீதி அல்ல. ஒரு கடைவீட்டு மாடியில் நீதி கிடைக்காது. ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை நாங்கள் எங்கள் நேரத்தில் கொடுக்கிறோம்.

பெயர் பற்றிய அவர் கேள்விக்கு ஒரு வழி உண்டு என்று நினைக்கிறேன். ஸ்டேஷன் ரிஜிஸ்தரில் ரயில் எண், வந்த நேரம், போன நேரம், பெட்டி எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கும். ஆளுக்குக் கட்டம் கிடையாது. எங்கள் ரிஜிஸ்தர் நாங்களே கோடு போட்டது. இன்னொரு கட்டம் போட யாரும் தடை சொல்ல முடியாது. சுங்கை சிப்புட் மேசையில் அன்று அவர் உட்காரட்டும். அவருக்குத் தெரிந்த ஒரு பெயரை அவரே எழுதட்டும். தெரிந்த மற்றவர்களும் எழுதலாம். எழுதாதவர்கள் வரிசையைக் காலியாக விடலாம்.

இப்போது ஈப்போவிலிருந்து இரட்டைத் தண்டவாளம், மின்சாரப் பாதை. இ.டி.எஸ். 2010இல் கோலாலம்பூருக்கு ஓடத் தொடங்கியது, பிறகு வடக்கேயும் போயிற்று. எதிரே வரும் ரயில் பக்கத்திலேயே ஒரு நொடியில் கடந்துவிடும். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. எனக்கு இந்த வசதி பிடிக்கும்; பழைய ரயிலில் பாடாங் ரெங்காஸ் வெயிலில் வெந்தவன் எவனும் அதைக் குறை சொல்ல மாட்டான். ஆனால் நின்றபோது, எது கடந்து போகிறது என்று கேட்க ஒரு வாய்ப்பாவது இருந்தது.

கூட்டத்தில் இன்னும் முடிவாகவில்லை. ஆண்டு மாறினால் தான் வரமாட்டேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் அட்டவணைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மெயிலை எவ்வளவு நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும் என்று பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நாற்பது நிமிடம் வருகிறதாம்.